ஒரு நாள் வசூல்

ஜூலை 2, செவ்வாய்

மூன்றாம் பீரியட் முடிந்து மாடியிலிருந்து இறங்கும்போது ஆவுடைச்செல்வி படியில் உட்கார்ந்துவிட்டாள். தடுக்கி விழவில்லை. நடந்துகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். "ஏட்டி வடிவு, காலு நான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பையையும் நானே தூக்கிக்கொண்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள். ப்ளஸ் ஒன் வந்தும் மாறவில்லை.

மாலையில் அவளை அவள் அப்பாவே கைத்தாங்கலாக பஸ்ஸில் ஏற்றினார். தென்காசிக்கும் அம்பைக்கும் நடுவே ஓடும் பச்சை வண்டிக்கு அவர்தான் டிரைவர். ஐயம்பெருமாள் என்று பெயர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தேன். வேதியியல் ஒரு பாடம் படித்தேன். சாரல் விழுகிறது. துணி காயவில்லை.

ஜூலை 6, சனி

முதலில் கால். வியாழக்கிழமை கை. நேற்று மூச்சு.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து மூச்சுவிட வைத்திருக்கிறார்கள். உடம்பின் காவல் படையே நரம்புகளை எதிரி என்று நினைத்து அடிக்கிற நோயாம். லட்சத்தில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோதான் வருமாம். பள்ளி நூலகக் கம்ப்யூட்டரில் தேடிப் படித்துக் குறிப்பெடுத்தேன். பெரும்பாலானவர்கள் சில மாதங்களில் எழுந்து நடந்துவிடுகிறார்கள் என்று போட்டிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

ஊசி ஒவ்வொன்றும் பல ஆயிரமாம். காப்பீட்டு அட்டையில் ஒரு பகுதிதான் வருமாம். மீதி நான்கு லட்சம். ஐயம்பெருமாள் மாமாவின் சம்பளம் எவ்வளவு என்று எங்கள் ஊர் செங்கமடையில் எல்லாருக்கும் தெரியும்.

ஜூலை 7, ஞாயிறு

பச்சை வண்டியின் கண்டக்டர் பூலோகபாண்டி அண்ணாச்சி காலையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உதவி கேட்டு ஒரு நோட்டீஸ் எழுத வேண்டும், ஊரில் நன்றாக எழுதுகிற பிள்ளை நான்தான் என்று டீச்சர் சொன்னார்களாம். அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்குக் காப்பி போட்டது இதுவே முதல் தடவை.

ஒரு முழுப் பக்கம் எழுதினேன். மூன்று மேற்கோள்கள். அண்ணாச்சி விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். "இதப் படிச்சு முடிக்கதுக்குள்ள வண்டி பாவூர்சத்திரம் போயிரும்" என்றார். மேற்கோள்களை அடித்துவிட்டார். "வாடும்", "துயருறும்" இரண்டும் போயின. மிஞ்சியது ஆறு வரி: பெயர், வயது, வகுப்பு, நோய், தேவைப்படும் தொகை, "பிழைத்துவிடுவாள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்."

கடைசி வரிதான் முக்கியம் என்றார் அண்ணாச்சி. இருபத்து மூன்று வருஷமாகப் பஸ்ஸில் ஆட்களின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பிழைக்கும் என்று சொன்னால்தான் கை பைக்குள் போகுமாம்.

தொடர்புக்கு அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்தோம். மாமாவும் ஆவுடையின் அம்மா சீனி அத்தையும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அவர்களால் எல்லாருக்கும் பதில் சொல்ல முடியாது. நான் சொல்லுவேன்.

ஜூலை 9, செவ்வாய்

படம்தான் சிக்கல். பள்ளி அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன். பிளக்ஸ் கடைக்காரர் அதைப் பார்த்து, இது ஏதோ பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருக்கு, யாரும் பத்து ரூபாய்கூடப் போட மாட்டார்கள் என்றார். சீனி அத்தை அம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். தொண்டையில் குழாயும், மூக்கில் ஒரு குழாயும், ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியும். நான் கேட்டேன் என்பதற்காக எனக்கு மட்டும் அனுப்பியது.

அதைத்தான் கொடுத்தேன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரு மணி நேரத்தில் நாலாயிரம் வந்துவிட்டது. முடிவு சரிதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று காலைக் கூட்டத்தில் பேசினேன். தமிழ் ஆசிரியை ஞானசௌந்தரி டீச்சர் எழுதிக் கொடுக்கிறேன் என்றார்கள். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாம் ஏன் கொடுக்க வேண்டும்? ஆவுடைக்கு வந்தது யாருக்கும் வரலாம் என்பதற்காக அல்ல. அப்படிக் கொடுத்தால் அது பயத்துக்குக் கட்டுகிற கட்டணம். நமக்குத் திரும்ப வரும் என்பதற்காகவும் அல்ல. அது வியாபாரம். ஒருவருடைய கஷ்டம் நமக்குத் தெரிந்த நிமிஷத்திலேயே அதில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது, அதனால்தான் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மனிதர்கள் கொடுப்பார்கள். நமக்குச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப் பேசினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழுதாள். தலைமை ஆசிரியர் மைக்கைத் திருப்பி வாங்கும்போது அவர் கண்ணும் சிவந்திருந்தது. மாவட்டப் பேச்சுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறார்களாம். வசூல் பதினோராயிரத்து இருநூறு.

பிறகு கடைத்தெரு. அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த பாடம்: வாளியைக் காலியாகக் கொண்டுபோகக் கூடாது. முதலில் நாமே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை மேலே தெரிகிற மாதிரி போட வேண்டும். ஐந்நூறின்மேல் யாரும் சில்லறையைப் போட மாட்டார்கள். பத்து ரூபாய் மேலே கிடந்தால் எல்லாரும் பத்துதான் போடுவார்கள். நான் அடிக்கடி வாளியைக் குலுக்கி ஐந்நூறை மேலே கொண்டுவந்தேன். இது ஏமாற்று அல்ல என்று அண்ணாச்சி சொன்னார். கொடுக்கிறவனுக்கு வெட்கம் வராமல் பார்த்துக்கொள்கிறோமாம்.

ஜூலை 14, ஞாயிறு

சீனி அத்தை போன் செய்தார்கள். ஆவுடைக்குப் பேச முடியாது, கை அசையாது. ஆனால் நினைவு இருக்கிறது. எழுத்து அட்டையை வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தினால், வேண்டிய எழுத்து வரும்போது கண்ணை மூடித் திறக்கிறாளாம். முதலில் தண்ணீர் கேட்டாள். இரண்டாவதாக என் பெயர்.

"ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டுப் போயேம்மா" என்றார்கள். இன்று வாரச்சந்தை. சந்தையை விட்டால் அடுத்த ஞாயிறுதான். எங்கள் வாளிக்கு நல்ல இடம் சந்தைதான். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னேன்.

சந்தையில் எட்டாயிரத்துச் சொச்சம். கருவாட்டுக்காரர் இருநூறு போட்டார். தலை முழுவதும் கருவாட்டு வாசனை. ஷாம்பு போட்டும் போகவில்லை.

ஜூலை 17, புதன்

இயற்பியல் தேர்வு. ஐம்பதுக்கு இருபத்தொன்பது. பரவாயில்லை.

ஜூலை 19, வெள்ளி

இதுவரை ஒரு லட்சத்து அறுபதாயிரம். போன் ஓயாமல் அடிக்கிறது. திருப்பூரிலிருந்து, தாராவியிலிருந்து, சவூதியிலிருந்து எல்லாம். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது? நான் சொல்லும் விதத்தைக் கேட்டு, நீ அவளுக்குத் தங்கையா என்று ஒருவர் கேட்டார்.

ஊரில் வேறு ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. இவ்வளவு பணமா, டிரைவர் தனக்கென்று எவ்வளவு ஒதுக்கினானோ என்று டீக்கடையில் யாரோ கேட்டார்களாம். மாமா நேற்று மதுரையிலிருந்து வந்து, ஆஸ்பத்திரி பில்களை லேமினேட் செய்து, பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஏறுகிறவர்கள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சிறுநீர்க் குழாய் மாற்றியது முந்நூற்று ஐம்பது ரூபாய் என்பதுவரை அதில் இருக்கிறது. மாமா முன்னால் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 21, ஞாயிறு

மதுரைக்குப் போகவில்லை. பஸ் முதலாளி இன்று வரச் சொல்லியிருந்தார். நோட்டீஸ் எழுதிய பிள்ளையும் வர வேண்டும் என்றாராம்.

ஒரு நாள் வசூலைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்! மூன்று வண்டி, ஒரு நாள் முழுவதும். டீசல் அவர் செலவு. டிரைவர், கண்டக்டர் யாரும் சம்பளம் வாங்க மாட்டார்கள். அன்று டிக்கெட் கிடையாது. வாளி மட்டும் வரும், முடிந்ததைப் போடலாம். பக்கத்து ஊரில் ஒரு தடவை இப்படிச் செய்தபோது, எங்கும் போக வேண்டிய வேலை இல்லாத ஆட்கள்கூட ஏறி, பணம் போட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து போனார்களாம்.

சனிக்கிழமை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். பீடிக் கம்பெனியில் சனிக்கிழமைதான் சம்பளம். முதலாளி என்னைப் பார்த்து, பிள்ளைக்கு விவரம் இருக்கே என்றார்.

சாயங்காலம் சீனி அத்தையிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார்கள். யாரோ ஒரு நர்ஸ் தன் போனில் படத்தோடு வந்த நோட்டீஸை, உனக்காக எத்தனை பேர் பார் என்று ஆவுடைக்குக் காட்டினாராம். அதிலிருந்து எழுத்து அட்டையைக் கொண்டுபோனால் கண்ணை மூடியே வைத்திருக்கிறாளாம். களைப்பாக இருக்கும். ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் படித்திருக்கிறேன்.

ஜூலை 24, புதன்

நுரையீரலில் சளி கட்டியிருக்கிறதாம். காய்ச்சல். பாக்கி இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மைக்கில் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன். பதினெட்டு நிறுத்தத்திலும் ஒரே மாதிரி பேசினால் அலுத்துவிடும் என்பதால் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன்.

ஜூலை 27, சனி

இன்று நடந்ததை நாளை எழுதுகிறேன். கையெல்லாம் நாணய வாடை.

ஜூலை 28, ஞாயிறு

இன்னும் அவளைக் கொண்டுவரவில்லை. காத்திருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று விடியற்காலை ஐந்தேகாலுக்கு நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது பச்சை வண்டியில் வாழைக்கன்று கட்டி, முன்னால் ஆவுடையின் பிளக்ஸ் ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கில் வேறு டிரைவர். பூலோகபாண்டி அண்ணாச்சி என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். டீசல் புகை அங்கேதான் அடிக்கும். ஆனாலும் அங்கேயே நின்று சொன்னார்.

"நாலு மணிக்குப் போயிட்டாம்மா."

மாமா போன் செய்திருக்கிறார். நகையை விற்றும் கடன் வாங்கியும் கட்டியது போக, பாக்கி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டினால்தான் பிள்ளையைக் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். நகை ஏற்கெனவே போய்விட்டது. வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் கொடுத்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இந்த மூன்று பஸ்தான். சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மாமா சொன்னாராம். தெரிந்தது எங்கள் வண்டியில் மூன்று பேருக்குத்தான்: அண்ணாச்சி, புது டிரைவர், நான்.

"ஒனக்கு முடியலன்னா வீட்டுக்குப் போயிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

நான் போகவில்லை. ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போது யோசித்தால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மைக் என் கையில் இருந்தது.

முதல் நடையில் மட்டும் ஒன்பதாயிரம். அண்ணாச்சி சொன்னது சரி. டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஆட்கள் வேறு மாதிரி ஆகிவிடுகிறார்கள். தினமும் ஐந்து ரூபாய்ச் சில்லறைக்குச் சண்டை போடும் பால்காரர் இருநூறு போட்டுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒரு காதுகுத்து வீட்டுக் கூட்டம் ஏறி, குழந்தையின் தாய்மாமன் இரண்டாயிரம் போட்டார். சும்மா ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கிப் போனவர்களை நானே இருபது பேருக்குமேல் பார்த்தேன். மழையில் நனைந்துகொண்டே திரும்பி நடந்தார்கள்.

எல்லாரும் கேட்டார்கள், பிள்ளை எப்படி இருக்கிறது என்று. மைக்கில் பேசுகிற மாதிரிப் பாவனை செய்து, நான் பதில் சொல்லாமல் கடந்துகொண்டேயிருந்தேன். எழுதி வைத்திருந்த மூன்று பேச்சையும் பையைவிட்டு எடுக்கவில்லை. அவள் பெயர், எங்கள் ஊர், உங்களால் முடிந்ததைப் போடுங்கள். இவ்வளவே சொன்னேன். மத்தியானம் எங்கள் வண்டியில் மட்டும் நாற்பத்தாறாயிரம். மற்ற இரண்டு வண்டியையும் சேர்த்தால் சாயங்காலத்துக்குள் முழுத்தொகையும் வந்துவிடும் என்று அண்ணாச்சி கணக்குச் சொன்னார். ராத்திரியே ஆவுடையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஒன்றரை மணிக்குக் கடையத்தில் பீடிக் கம்பெனியிலிருந்து சம்பளம் வாங்கிய பெண்கள் ஏறினார்கள். முப்பது பேர் இருக்கும். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டை எடுத்தார்கள். நூறு, ஐம்பது. அம்மாவின் கை எனக்குத் தெரியும். ஆயிரம் பீடிக்கு எத்தனை மணி நேரம் என்று தெரியும். வாளி கனத்தது.

ஜன்னலோரத்தில் மாடத்தியக்கா என்று ஒருத்தி, மடியில் நாலு வயசுப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பிளக்ஸில் இருந்த படத்தை ஏறும்போதே நின்று பார்த்தவள். தன் பிள்ளையையும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் மிஷினில் வைத்திருந்தார்கள் என்றும், அப்போது யார் யாரோ கொடுத்துத்தான் பிழைத்தாள் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே குழந்தையின் காதில் இருந்த தங்கக் கம்மலின் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள். குழந்தை சிணுங்கியது.

ஒரு கம்மலை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "டாக்டரு என்ன சொல்லுதாவ? பிள்ள எந்திரிச்சிருமா?"

அண்ணாச்சி பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டது.

எனக்கு நம்பிக்கை இருந்தது. இதை நான் மறக்காமல் எழுத வேண்டும். உண்மையைச் சொன்னாலும் அவர்கள் கொடுப்பார்கள் என்று நம்பினேன். பிழைக்கப்போகிற பிள்ளைக்குக் கொடுக்கிறவர்கள், வீட்டுக்கு வர முடியாமல் கிடக்கிற பிள்ளைக்கு இன்னும் அதிகமாகத்தானே கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் நான் பேசியது அதுதானே?

"அக்கா, அவ காலையிலேயே செத்துப்போயிட்டா. கொண்டாரதுக்குத்தான் கேக்கோம்" என்றேன். மைக் அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது.

மாடத்தியக்காவின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மெதுவாக மூடியது. கம்மலைத் திரும்பக் குழந்தையின் காதில் போட்டாள். திருகு இரண்டு தடவை கீழே விழுந்தது. நானே குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"உசுரோட இருக்க பிள்ள காதுல கெடந்தது. போன பிள்ளைக்குக் குடுக்கப்படாதும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிய வேண்டுமே என்று சொல்வதுபோல் சொன்னாள்.

பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், அப்போ விடிஞ்சதிலிருந்து எதற்காக வாளியைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று கேட்டார். பிள்ளையைக் கொண்டுவர வேண்டும் என்றார் பூலோகபாண்டி அண்ணாச்சி. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார் பெரியவர். நான்கைந்து பேர் ஆமாம் என்றார்கள். ஒரு பெண் அழுதாள். அழுதுகொண்டே, "துட்டிக்கு வீட்டுக்கு வந்து செய்யுறத செய்வோம்லா, அதுக்கு எதுக்கு பஸ்ஸுல வாளி?" என்று கேட்டாள். துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்குப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. மாலை, கோடித் துணி எல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிப் பாக்கிக்கு அந்த முறையில் இடமில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

ஒருவர் வந்து தான் போட்ட நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்டார். அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நிறுத்தத்துக்கு நாங்கள் போய்ச் சேரும் முன்பே செய்தி போய்விட்டது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நான் எழுதிய நோட்டீஸின் அதே படத்துக்குக் கீழே "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். ஏறியவர்கள் டிக்கெட் காசு பதினைந்து ரூபாயை எண்ணிக் கையில் வைத்திருந்தார்கள். சரியாகப் பதினைந்து. இருபது கொடுத்தவர் மீதி ஐந்துக்குக் காத்து நின்றார். அதற்கடுத்த நிறுத்தத்தில் ஒருவர் டிக்கெட் கேட்டார். செக்கிங் வந்தால் என்ன செய்வது என்றார். அண்ணாச்சி தோள்பையைத் திறந்து டிக்கெட் கட்டை எடுத்தார்.

வாழைக்கன்றை அம்பை வளைவில் டிரைவர் இறங்கிப் பிடுங்கிப் போட்டார்.

மூன்று வண்டியும் சேர்த்து எழுபத்தெட்டாயிரம். அறுபத்திரண்டாயிரம் குறைந்தது.

நேற்று அவள் வரவில்லை.

ஜூலை 29, திங்கள்

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளி அறுபத்திரண்டாயிரத்தையும் மாமாவின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அதற்கு அவர் சென்னையிலிருந்து திரும்ப வேண்டியிருந்தது. அதுவரை மாமாவும் அத்தையும் ஒன்றரை நாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜூலை இரண்டுக்குப் பிறகு நேற்றுதான் அவளைப் பார்த்தேன்.

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பால்காரர், பீடிப் பெண்கள், நூறு ரூபாயைத் திருப்பி வாங்கியவர், டிக்கெட் கேட்டவர். ஒவ்வொருவர் கையிலும் மாலை. ரோஜா மாலை இருநூற்று ஐம்பது ரூபாய், சம்பங்கி நூற்றெண்பது. மேலே மேலே போட்டதில் அவள் முகம் மறைந்து, அத்தை விலக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். நூற்றுப் பத்துவரை எண்ணினேன். அதற்குப்பின் மாலைகளைத் தெருவில் இறக்கிப் போட்டார்கள். ஆடு வந்து தின்றது. தெருமுனையில் அஞ்சலி பிளக்ஸ் ஏழு. ஒன்றில் அவள் படத்தைவிடப் போட்டவர்கள் படம் பெரிது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்கள். "மூஞ்சி நல்லாருக்குல்லா வடிவு? குழாயெல்லாம் எடுத்துட்டாவ. நீ போட்ட படத்துல உள்ள மாதிரி இல்லைல்லா?" என்று கேட்டார்கள்.

இல்லை அத்தை என்றேன்.

ஜூலை 31, புதன்

பள்ளிக்குப் போனேன். பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தேன். மாவட்டப் போட்டி ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி என்று டீச்சர் சொன்னார்கள். தலைப்பு ஈகை. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். துக்கம் ஆறட்டும் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஐயம்பெருமாள் மாமா இன்று வேலைக்கு வந்துவிட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வருகிறாரே என்று எல்லாரும் பேசினார்கள். அறுபத்திரண்டாயிரம் என்று யாரும் சொல்லவில்லை.

செங்கமடையில் நான் இறங்கும்போது அவரும் வண்டியை ஓரம்கட்டி இறங்கினார். அடிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் நான் தயாராகவே இருந்தேன். பதிலும் யோசித்து வைத்திருந்தேன்.

தாடி முளைத்திருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஒரு நாளுதானம்மா கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார். பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவுக்கு இலை வெட்டினேன். விரலை வெட்டிக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நோட்டீஸ் நிற்கவில்லை. நான் எழுதிய அந்த ஆறு வரி இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரோ யாருக்கோ அனுப்ப, அவர்கள் இன்னொருவருக்கு அனுப்ப, தினமும் இரண்டு மூன்று போன் வருகிறது. செத்துப்போய்விட்டாள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். "ஐயோ" என்பார்கள். பிறகு, சரிம்மா என்று வைத்துவிடுவார்கள். கணக்கு எண்ணை யாரும் கேட்பதில்லை. இதுவரை பதினேழு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு போன். ஒரு பெண். சூரத்தில் துணி மில்லில் வேலை பார்க்கிறாராம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மில்லில் நம் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஏழாயிரம் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். நோட்டீஸில் தேதி பழசாக இருக்கிறதே, இப்போதும் அனுப்பலாமா என்று கேட்டார்.

"அந்தப் பிள்ளை எப்படிம்மா இருக்கு?"

அம்மா பீடித் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மாமாவின் வண்டி ஹாரன் மெயின் ரோட்டில் கேட்டது.

"நல்லா இருக்காக்கா. இப்ப கையை அசைக்கா" என்றேன்.

அந்தக் கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். மாமாவின் கணக்கு. மனப்பாடமாக இருக்கிறது. அந்த அக்கா திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். பின்னால் மற்ற பெண்கள் பேசுவது கேட்டது. யாரோ ஒருத்தி, குலதெய்வத்துக்கு வேண்டியிருக்கேன்னு சொல்லு என்றாள்.

பத்து நிமிஷத்தில் பணம் போய்விட்டதாகத் திரும்பப் போன் செய்தார். கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

"எழுந்து நடந்ததும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பும்மா. நாங்க எல்லாரும் பாக்கணும்."

சரிங்கக்கா என்றேன்.